இரண்டு குவார்ட்டர்பேக் இருந்தால் யாரை இறக்குவது?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஆகஸ்ட் மாதம் முழுவதும் ஒரே பேச்சுதான்: இந்த வருஷம் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை வாங்கித் தாக்குதலை நடத்துபவர், யார்? இரண்டு பேர் சமமாக நிற்கும் அணியில் கோச் பெரும்பாலும் நழுவப் பார்ப்பார். வீரர் பட்டியலில் இரண்டு பெயருக்கும் நடுவில் ‘அல்லது’ என்று போட்டுவிட்டு, இரண்டு பேருமே நன்றாக ஆடுகிறார்கள் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அதற்கப்புறம் ரசிகர்கள் வாரக்கணக்கில் அடித்துக்கொள்வார்கள். முடிவை அப்படித் தள்ளிப்போடுவதில் லாபம் உண்டா, ஒருவரையே நம்புவது நல்லதா, இரண்டு பேரையும் ஆடவைக்க வேறு வழி இருக்கிறதா என்பதைப் பழைய சீசன்களை வைத்தே பார்க்கலாம்.

ஆட்டம் அதிகம் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். ஒரு பக்கம் 11 பேர். பந்து தங்களிடம் இருக்கும்போது ஆட ஒரு படை, எதிராளியிடம் இருக்கும்போது தடுக்க வேறொரு படை. ஒரு பிளே (பந்து கைக்கு வந்ததிலிருந்து ஆட்டம் நிற்கும்வரை நடக்கும் ஒரு முயற்சி) முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம். வெளியே போனவர் திரும்ப வரவும் தடையில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு பிளேயும் குவார்ட்டர்பேக் கைக்குப் பந்து வந்துதான் தொடங்கும் என்பதால் அவர் மட்டும் தனி ரகம்.

இப்படி இஷ்டத்துக்கு ஆள் மாற்றும் வசதி எப்போதும் இருந்ததல்ல. 1941-ல் விதி தளர்ந்தது. 1945-ல் மிச்சிகன் கோச் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர், பலம் வாய்ந்த ஆர்மி அணிக்கு எதிராகத் தாக்க ஒரு படை, தடுக்க ஒரு படை என்று பிரித்து இறக்கினார். 28-7 என்று தோற்றார், ஆனால் யோசனை எல்லா ஊருக்கும் பரவிவிட்டது. 1953-ல் மறுபடி கட்டுப்பாடு வந்தது. 1965-ல்தான் முழுவதுமாக நீங்கியது. அந்தக் கட்டுப்பாட்டுக் காலத்தில், 1958-ல், லூயிசியானா ஸ்டேட் கோச் பால் டீட்ஸல் ஒரு காரியம் செய்தார். ஆட்களை மூன்று குழுவாகப் பிரித்து மாற்றி மாற்றி இறக்கினார். மூன்றாவது குழுவில் நட்சத்திரம் என்று யாரும் கிடையாது. தடுக்கும் வேலைக்கென்றே பழக்கிய பையன்கள். மற்ற அணிகளின் முக்கிய வீரர்கள் மூச்சு வாங்கும் நேரத்தில் இவர்கள் புதிதாக ஓடி வந்தார்கள். அந்த வருஷம் 11 வெற்றி, தோல்வியே இல்லை (11-0), தேசிய சாம்பியன் பட்டம். சமமான இருவருக்கு நேரத்தைப் பங்கு போட்டுத் தருவது வேறு, ஆளுக்கொரு வேலையைப் பிரித்துத் தருவது வேறு. டீட்ஸல் செய்தது இரண்டாவது. கீழே வரும் கதைகளில் ஜெயித்ததையும் தோற்றதையும் பிரிப்பது பெரும்பாலும் இந்த வித்தியாசம்தான்.

குவார்ட்டர்பேக்கை விட்டுவிட்டால் மற்ற இடங்களில் முடிவு அவ்வளவு கஷ்டமில்லை. டிஃபென்சிவ் லைனில், அதாவது தடுக்கும் படையின் முன்வரிசையில், சுழற்சி கட்டாயம். இதில் விவாதமே வேண்டாம் என்பது என் எண்ணம். 140, 150 கிலோ எடையுள்ள ஒருவர் ஒவ்வொரு பிளேயிலும் தன் எடைக்குச் சமமான ஒருவரை முட்டித் தள்ள வேண்டும். வேகமாக ஆடும் அணிகள் வேண்டுமென்றே ஆள் மாற்றாமல் அடுத்த பிளேக்குப் போய்விடும். தாக்கும் பக்கம் மாற்றாவிட்டால் தடுக்கும் பக்கத்துக்கு மாற்ற நடுவர் அவகாசம் தரமாட்டார். ஆகவே டிரைவுக்கு டிரைவ் (பந்து ஒரு பக்கத்திடம் இருக்கும்வரை தொடரும் பிளேக்கள்) ஆளை மாற்றி வைத்திருக்கும் அணிதான் ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியான நான்காவது குவார்ட்டரில் நிமிர்ந்து நிற்கும். 2021 ஜார்ஜியா அணியில் ஜோர்டன் டேவிஸ் நாட்டின் சிறந்த தடுப்பு வீரர் என்று விருது வாங்கியவர். அவரே பெரும்பாலான ஆட்டங்களில் பாதிப் பிளேக்கும் குறைவாகத்தான் களத்தில் இருந்தார். அந்த அணி ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்துப் புள்ளிதான் விட்டுக்கொடுத்தது. அந்தத் தடுப்புப் படையிலிருந்து ஐந்து பேர் 2022 என்எஃப்எல் டிராஃப்டின் (தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுப்பது) முதல் சுற்றில் போனார்கள், டேவிஸும் அதில் ஒருவர். குறைவாக ஆடினால் என் எதிர்காலம் என்னாகும் என்று கேட்கும் பையனிடம் காட்டவேண்டிய கணக்கு இது.

பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக் விஷயம் கொஞ்சம் இழுபறி. 2017-ல் இதே ஜார்ஜியாவில் நிக் சப், சோனி மிஷெல் இருவரும் பந்தைப் பகிர்ந்துகொண்டு, இருவருமே ஆயிரம் யார்டைத் தாண்டினார்கள். சீசன் கடைசியில் நடக்கும் ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஓக்லஹோமாவுக்கு எதிராக இரண்டாவது ஓவர்டைமில் (சமநிலையானால் வரும் கூடுதல் ஆட்டம்) 27 யார்டு ஓடி ஆட்டத்தை முடித்தவர் மிஷெல். சீசனின் கடைசியிலும் அந்த ஓட்டம் ஓடக் காலில் தெம்பு இருந்தது என்றால், பாதிப் பாரத்தை இன்னொருவர் சுமந்ததும் ஒரு காரணம். இதற்கு நேர்மாறு 2015 அலபாமா. டெரிக் ஹென்றி அந்த சீசனில் 395 முறை பந்தைச் சுமந்து 2,219 யார்டு எடுத்து, நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை வென்றார். ஆபர்னுக்கு எதிராக 46 முறை, அடுத்த வாரமே புளோரிடாவுக்கு எதிராக 44 முறை. பார்க்கவே பாவமாக இருந்தது. ஆனால் அலபாமா சாம்பியன் ஆனது. ஹென்றி மாதிரி உடல்வாகு பத்து வருஷத்துக்கு ஒருவருக்குத்தான் அமையும், அதை வைத்து விதி எழுத முடியாது. செப்டம்பர், அக்டோபரில் பகிர்ந்துகொடுத்து, நவம்பரில் நல்லவரிடம் பந்தை ஒப்படைப்பதுதான் சாதாரண அணிக்குச் சரிவரும்.

குவார்ட்டர்பேக்குக்கு இந்த நியாயம் எதுவும் பொருந்தாது. அவர் களைப்பால் வெளியே வருவதில்லை. இரண்டாவது ஆளை இறக்கினால் முதல் ஆளுக்கு ஓய்வு கிடைக்கும் என்ற லாபமே இங்கே இல்லை. நஷ்டம் மட்டும் நிறைய. சீசன் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் பயிற்சி என்று, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ வரம்பு வைத்திருக்கிறது. கூட்டம், வீடியோ, உடற்பயிற்சி எல்லாம் அதற்குள் அடக்கம். முதல் பதினொருவரோடு சேர்ந்து பழகக் கிடைக்கும் பிளேக்கள் கொஞ்சம்தான். அதை இரண்டாகப் பிளந்தால் இரண்டு பேருக்குமே பயிற்சி பாதியாகும். எறியும் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் எந்த அடியில் திரும்புவார், பந்து எப்போது வரும் என்பதெல்லாம் பழக்கத்தில் வருவது. அதிலும் ஒருவர் வலது கை, இன்னொருவர் இடது கை என்றால் கேட்கவே வேண்டாம். பந்து சுழலும் திசை மாறுகிறது. எறிபவருக்குக் கண் தெரியாத பக்கம் மாறுவதால், முதுகைக் காக்கும் பொறுப்பு இடது ஓரத்துத் தடுப்பாளரிடமிருந்து வலது ஓரத்தவருக்குப் போகிறது.

இருந்தும் கோச்சுகள் சுழற்சியை விடுவதில்லை. அதில் மோசமான வகை கடிகாரம் பார்த்து மாற்றுவது. 1999-ல் மிச்சிகன் கோச் லாய்ட் கார் அதைத்தான் செய்தார். கடைசி வருஷ மாணவர் டாம் பிரேடி முதல் குவார்ட்டர் ஆடுவார். எல்லோரும் எதிர்பார்த்துக் காத்திருந்த இளையவர் ட்ரூ ஹென்சன் இரண்டாவது குவார்ட்டர். யார் தேவலையோ அவருக்கு இரண்டாம் பாதி. காகிதத்தில் நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அந்தந்தக் குவார்ட்டரில் இருவருக்கும் ஒரே நிலைமை வாய்ப்பதில்லை. ஒருவருக்குத் தன் எல்லைக்கோட்டருகே பந்து கிடைக்கும், மற்றவருக்கு நடுக்களத்தில். மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டத்தில் இரண்டாம் பாதி ஹென்சனுக்குப் போனது. அணி நன்றாகப் பின்தங்கிய பிறகு பிரேடியைத் திரும்ப இறக்கினார்கள். அவர் துரத்திக்கொண்டு வந்தும் 34-31 என்று தோல்வி. சீசனின் பாதியில் இந்த ஏற்பாட்டைக் கைவிட்டு பிரேடியையே வைத்தார்கள். கடைசியில் ஆரஞ்சு பவுலில் அவர் 369 யார்டு எறிந்து அலபாமாவை ஓவர்டைமில் 35-34 என்று தோற்கடித்தார். அப்படியிருந்தும் 2000 டிராஃப்டில் அவர் பெயர் 199-வதாகத்தான் வந்தது. முழுநேர வேலையே கொடுக்கத் தயங்கிய கல்லூரியைப் பார்த்து என்எஃப்எல் அணிகளும் தயங்கியிருக்கலாம் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

சமமான இருவரை மாற்றி மாற்றி இறக்குவது ஜெயித்ததே இல்லையா என்றால், ஒரு நாள் கூத்தாக ஜெயித்திருக்கிறது. 1997 நவம்பரில் புளோரிடாவின் ஸ்டீவ் ஸ்பரியர், அதுவரை தோற்காத புளோரிடா ஸ்டேட்டுக்கு எதிராக டக் ஜான்சனையும் நோவா பிரிண்டிஸையும் பிளேக்குப் பிளே மாற்றினார். வெளியே வருபவரிடம் கோச் நேரடியாகப் பேச முடிந்தது, எதிராளிக்கும் குழப்பம். 32-29 என்று வென்றார்கள். ஒரு ஆட்டத்துக்கு வித்தை சரி, பன்னிரண்டு ஆட்டத்துக்கு அது தாங்காது.

வேலை பிரித்துத் தருவதற்கு நல்ல உதாரணம் அதே புளோரிடாவில், 2006-ல். கோச் அர்பன் மேயர். கிறிஸ் லீக் நான்காம் வருஷத்துக்காரர். நின்று நிதானமாக எறிபவர், ஓட்டம் அவர் வேலையல்ல. முதல் வருஷப் பையன் டிம் டீபோ காளை மாதிரி முட்டுபவர். மேயர் தேர்வை முதல் நாளே சொல்லிவிட்டார்: ஆட்டம் லீக்குடையது. ஒன்று, இரண்டு யார்டு தேவைப்படும்போதும் கோல் கோட்டருகிலும் டீபோ வருவார். அந்த சீசனில் அணியில் அதிக யார்டு ஓடியவர்களில் டீபோ இரண்டாமிடம். லூயிசியானா ஸ்டேட் ஆட்டத்தில் ஓடப்போகிறார் என்று எல்லோரும் முன்னால் நெருங்க, துள்ளி எழும்பிப் பந்தை எறிந்து டச்டவுன் (பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) வாங்கினார். 2007 ஜனவரியில் ஒஹையோ ஸ்டேட்டை 41-14 என்று நொறுக்கிப் பட்டம் வென்றபோதும் தாக்குதலில் சிறந்த வீரர் விருது லீக்குக்குத்தான். அடுத்த வருஷம் முழுநேரமாக ஆடி டீபோ ஹைஸ்மன் வாங்கினார். முன்னவரின் கடைசி வருஷம் கெடவில்லை, பின்னவரின் முதல் வருஷம் வீணாகவில்லை.

இதைவிடச் சின்ன அணிக்கு 2012 நார்த்வெஸ்டர்ன் பாடம். கெய்ன் கோல்டர் ஓடுவார், சில சமயம் ரிசீவராகவும் நிற்பார். டிரெவர் சீமியன் எறிவார். 10-3 என்று முடித்து, 1949-க்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பவுல் வெற்றியைப் பெற்றார்கள். ஆனால் இந்த முறையில் ஒரு பலவீனம் உண்டு. சிறப்பு ஆள் உள்ளே வந்ததுமே எதிராளிக்குப் பாதி விடை தெரிந்துவிடும். அவர் எப்போதாவது எறிந்தும் காட்ட வேண்டும். டீபோ துள்ளி எறிந்தது அதற்காகத்தான்.

இரண்டு முறைகளையும் ஒரே மைதானத்தில் பார்க்கவேண்டும் என்றால் 2016 செப்டம்பர், டெக்சாஸ்–நோட்ர டேம் ஆட்டம். நோட்ர டேம் கோச் பிரையன் கெல்லி டிஷோன் கைஸரையும் மாலிக் ஸைரையும் மாற்றி மாற்றி ஆடவைப்பேன் என்று முன்பே அறிவித்திருந்தார். டெக்சாஸில் புதுப்பையன் ஷேன் புஷெல் ஆட்டத்தை நடத்தினார். உருவத்தில் பெரிய டைரோன் ஸ்வூப்ஸ் குறைந்த தூரத்துக்கு மட்டும் வந்தார். கைஸர் களத்தில் இருந்தவரை நோட்ர டேம் புள்ளி எடுத்தது, ஸைர் வந்தபோது நின்றுபோனது. இரண்டாவது ஓவர்டைமில் ஸ்வூப்ஸ் பாய்ந்து கோட்டைக் கடந்தார், 50-47. நோட்ர டேம் அந்த வருஷத்தை 4-8 என்று முடித்தது. உடனே டெக்சாஸ் வழிதான் ராஜபாட்டை என்று சொல்லிவிட வேண்டாம். அவர்களும் 5-7 என்று முடித்து கோச்சை வேலையிலிருந்து அனுப்பினார்கள். தடுப்பு ஓட்டையாக இருந்தால் எந்தக் குவார்ட்டர்பேக் ஏற்பாடும் காப்பாற்றாது.

மேயரே தன் பாடத்தை 2015-ல் ஒஹையோ ஸ்டேட்டில் மறந்த மாதிரி இருந்தது. முந்தைய சீசனில் பிராக்ஸ்டன் மில்லர் தோளில் அடிபட்டு, ஜே.டி. பாரெட் வந்து, அவருக்கும் கணுக்கால் உடைந்து, மூன்றாவது ஆள் கார்டேல் ஜோன்ஸ் மூன்றே ஆட்டங்களில் விஸ்கான்சினை 59-0, அலபாமாவை 42-35, ஆரெகனை 42-20 என்று வென்று பட்டம் வாங்கித் தந்திருந்தார். இப்போது பாரெட், ஜோன்ஸ் இருவருமே தயார். முதல் ஏழு ஆட்டம் ஜோன்ஸ் தொடங்கினார். கோல் அருகே போனதும் பாரெட். அப்படியென்றால் இதுவும் வேலைப் பிரிப்புதானே என்று கேட்கலாம். பார்க்க அப்படித்தான். ஆனால் டீபோ மாதிரி ஒரு சின்ன வேலைக்கு வந்தவரல்ல பாரெட். முந்தைய வருஷம் அணியை நடத்தியவர். முழு ஆட்டத்தையும் தரக்கூடிய இருவருக்கு நடுவில் களத்தைக் கோடு போட்டுப் பிரித்ததில், இருவருக்குமே தாளம் பிடிபடவில்லை. எட்டாவது ஆட்டத்தில் பாரெட்டுக்கு மாறினார்கள். போக்குவரத்து வழக்கில் அவர் ஓர் ஆட்டம் இடைநீக்கமானதும் ஜோன்ஸ் திரும்ப வந்தார். நவம்பரில் மிச்சிகன் ஸ்டேட்டிடம் 17-14 தோல்வி, பட்டக் கனவு முடிந்தது. அந்த நாளில் பாரெட்தான் ஆடினார் என்பதால் தோல்வியைச் சுழற்சியின் தலையில் கட்ட முடியாது. ஆனால் அடுத்த டிராஃப்டில் 12 பேரை, முதல் சுற்றில் மட்டும் ஐந்து பேரை அனுப்பிய அணி, நவம்பர் வரை தன் தாக்குதல் என்னவென்று தேடிக்கொண்டிருந்தது.

சரி, ஒருவரைத்தான் தேர்ந்தெடுப்பது என்று வைத்துக்கொள்வோம். எப்போது? 2018-ல் என்சிஏஏ ஒரு விதி கொண்டுவந்தது: சீசனில் நான்கு ஆட்டத்துக்குள் நிறுத்திக்கொண்டால், வீரர் கல்லூரியில் ஆட அனுமதிக்கப்பட்ட வருஷங்களின் கணக்கில் அந்த வருஷம் சேராது. அதே வருஷம் அக்டோபரில், வேறு கல்லூரிக்கு மாற விரும்புவோர் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021-லிருந்து முதல்முறை மாறுபவர் ஒரு வருஷம் உட்காரவேண்டியதில்லை. அதே வருஷம் வீரர்கள் விளம்பரப் பணம் வாங்குவதும் சட்டப்படியானது. 2024-ல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. முன்பு கோச்சின் கேள்வி யார் நன்றாக ஆடுவார் என்பதோடு முடிந்தது. இப்போது யார் போய்விடுவார், போனபின் இன்னொருவர் அடிபட்டால் யார் இருக்கிறார் என்பதும் சேர்ந்துகொண்டது.

அந்த நான்கு ஆட்ட விதி வந்த முதல் செப்டம்பரிலேயே கிளெம்சன் அதை அனுபவித்தது. முந்தைய வருஷம் பிளேஆஃப் (பட்டத்துக்கான இறுதிச் சுற்று) வரை கொண்டுபோன கெல்லி பிரையன்ட் தொடங்குவார், முதல் வருஷ டிரெவர் லாரன்ஸ் நடுவில் வருவார் என்று நான்கு ஆட்டம் ஓடியது. பிறகு கோச் டாபோ ஸ்வீனி லாரன்ஸ்தான் என்று அறிவித்தார். இரண்டே நாளில் பிரையன்ட் அணியை விட்டார். நான்கு ஆட்டம்தான் ஆடியிருந்ததால் அவருடைய வருஷம் பத்திரம். அடுத்த சனிக்கிழமை சிராக்யூஸுக்கு எதிராக லாரன்ஸ் தலையில் அடிபட்டு வெளியேற, சேஸ் பிரைஸ் என்ற மாற்று ஆள் 94 யார்டு நடத்திச் சென்று 27-23 என்று காப்பாற்றினார். அந்த ஒரு டிரைவ் தவறியிருந்தால் ஸ்வீனியை இன்றுவரை திட்டிக்கொண்டிருப்பார்கள். தவறவில்லை, 15-0, இறுதியில் அலபாமாவை 44-16. முடிவு கடுமையானது, ஆனால் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். இன்னும் நான்கு வாரம் இழுத்திருந்தால் பிரையன்ட்டின் ஒரு வருஷத்தையும் சேர்த்து வீணாக்கியிருப்பார்கள்.

2022-ல் மிச்சிகனின் ஜிம் ஹார்பா இதையே மரியாதையாகச் செய்தார். முதல் ஆட்டம் கேட் மெக்நமாராவுக்கு, இரண்டாவது ஜே.ஜே. மெக்கார்த்திக்கு என்று முன்கூட்டியே சொன்னார். மெக்கார்த்தி ஹவாய்க்கு எதிராக 12-ல் 11 எறிதல்களைச் சேர்த்தார், வேலை அவருக்குப் போனது. ஹவாயும் கொலராடோ ஸ்டேட்டும் அன்று யாரையும் சோதிக்கிற அணிகளல்ல என்பதால், இது தேர்வைவிட அறிவிப்புக்கான சடங்கு என்றே எனக்குப் பட்டது. மூத்தவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்த பெயராவது மிஞ்சியது. சீசன் முடிந்ததும் அவர் அயோவாவுக்குப் போனார். மெக்கார்த்தி அடுத்த வருஷம் 15-0 பட்டம் வாங்கினார்.

நடு ஆட்டத்தில் மாற்றுவது என்று எடுத்தால் 2018 ஜனவரி இறுதியாட்டத்தைத் தாண்டி எதுவும் வராது. அலபாமா இடைவேளையில் ஜார்ஜியாவிடம் 13-0 பின்தங்கியிருந்தது. இரண்டு சீசனாக இரண்டே தோல்வி கண்ட ஜேலன் ஹர்ட்ஸ் அதுவரை 21 யார்டுதான் எறிந்திருந்தார். நிக் சேபன் அவரை உட்காரவைத்து, இடது கைக்காரர் டூவா டங்கோவைலோவாவை இறக்கினார். ஓவர்டைமில் 41 யார்டு எறிதல், 26-23. இது துணிச்சல் மட்டுமல்ல. சீசனில் அலபாமா பெரிய வித்தியாசத்தில் முன்னிலை பெறும்போதெல்லாம் டூவா இறங்கி ஆடிப் பழகியிருந்தார். அந்த ஆட்டத்தில் இறக்காமல் விட்டிருந்தால் வேறு கல்லூரிக்குப் போயிருப்பேன் என்று பின்னர் அவரே சொன்னார். அடுத்த டிசம்பரில், அதே அட்லாண்டா மைதானத்தில், அதே ஜார்ஜியாவுக்கு எதிராக டூவா அடிபட்டார். 28-21 பின்தங்கிய ஆட்டத்தில் ஹர்ட்ஸ் வந்து 35-28 என்று ஜெயித்துக் கொடுத்தார். அந்த வருஷம் முழுக்க மாற்று ஆளாக உட்கார்ந்து, படிப்பை முடித்து, பிறகுதான் ஓக்லஹோமா போனார். இன்றைய விதிகளில், இன்றைய பணத்தில், ஹர்ட்ஸ் நிலையில் இருக்கும் ஒருவர் ஒரு சீசன் காத்திருப்பார் என்று எந்த கோச்சும் கணக்குப் போட முடியாது.

ஆகவே என் தேர்வு இப்படி. இருவரும் ஒரே மாதிரி ஆட்டக்காரர்கள் என்றால் சுழற்சியே வேண்டாம். ஆகஸ்டில் முடிவு தெரியாவிட்டால் முதல் இரண்டு, மூன்று ஆட்டத்தில் முழு ஆட்டமாகக் கொடுத்துப் பார்க்கலாம், குவார்ட்டர் கணக்கில் அல்ல. நான்காவது ஆட்டத்துக்கு முன் சொல்லிவிட வேண்டும், தோற்றவரின் வருஷமாவது மிஞ்சும். ஒருவர் எறிபவர், மற்றவர் ஓடுபவர், அதிலும் ஓடுபவர் இளையவர் என்றால் லீக்–டீபோ ஏற்பாடு; அதை ஆட்டத்துக்கு எட்டு, பத்து பிளேக்குமேல் வளரவிடக்கூடாது. பட்டத்துக்குப் போட்டியிடும் அணி என்றால், ஜெயித்துக்கொண்டிருக்கும் ஆட்டங்களின் நான்காவது குவார்ட்டரை மாற்று ஆளுக்கு, முதல் படையோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். பல கோச்சுகள் அங்கே பந்தை வெறுமனே கைமாற்றித் தரச் சொல்லி நேரத்தைக் கழிப்பார்கள். அது பயிற்சி ஆகாது.

ஏப்ரலில் இருந்த போர்ட்டல் வாய்ப்பு நீக்கப்பட்டு, மாற ஜனவரியில் மட்டுமே சில நாள் என்றாகிவிட்டது. வசந்தகாலப் பயிற்சியில் தோற்றவர் உடனே கிளம்பிப் போகும் பயம் இதனால் குறைகிறது, கோச்சுக்குப் போட்டியை ஆகஸ்ட் கடைசிவரை இழுக்கத் தைரியம் வருகிறது. பையனின் பக்கமிருந்து பார்த்தால், ஜனவரியிலேயே கோச்சிடம் நேராகக் கேட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். மழுப்பலான பதில் வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.